குழாயடிக்கு ஒரு விளக்கு

நகரசபையில் தெருவிளக்கு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது முடியவில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது பெரிய வேலை. காக்கிச் சட்டை, ஏணி, சைக்கிள், இடுப்பில் சாவிக்கொத்து. பெரிய ரோடுகளில் அப்போதே கரண்ட் விளக்கு வந்துவிட்டது. கம்பத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் ஒரு வரிசை முழுவதும் எரியும். எங்கள் தெருவைப் போலத் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய தெருக்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். ஏணியில் ஏறிக் கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கிள்ளி, எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெயை ஓவர்சியர் அளந்து கொடுப்பார். இரவு பத்து மணிவரை எரியும் அளவுதான். பத்துக்கு மேல் இந்தத் தெருக்காரர்களுக்கு வெளியே என்ன வேலை இருக்கப்போகிறது என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

எங்கள் தெருவில் வேலையே பத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். ஊருக்குப் போகிற பெரிய குழாயில் கடைசி நாங்கள். மற்ற தெருக்காரர்கள் எல்லாம் பிடித்து ஓய்ந்து, தூங்கிய பிறகு, பன்னிரண்டு மணிக்கோ ஒரு மணிக்கோ எங்கள் மூலைக் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு தண்ணீர் வரும். அந்தக் காற்றுச் சத்தத்துக்கு நாற்பது குடும்பம் காது கொடுத்துப் படுத்திருக்கும். சாக்கடைக்கும் குழாய்க்கும் நடுவே ஒற்றைக் கல் பாலம். அதன்மேல் இருட்டில் குடத்தோடு நடக்க வேண்டும்.

என் மனைவிக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கம். வாய்க்கால் ஓடுகிற ஊரில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் குழாயடியில் நின்று, "ஏனுங்க, உங்கூர்ல தண்ணிகூடக் களவாணியாட்ட நடுச்சாமத்துலதான் வருமுங்களா?" என்று கேட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது.

அதே ஊரில், எங்கள் தெருவிலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிஷத்தில், கிளப் ரோடு இருந்தது. ஆபீசர்கள், வக்கீல்கள், தோல் முதலாளிகள், புகையிலை முதலாளிகள் சீட்டாடவும் பந்தாடவும் போகிற கிளப். அந்த ரோட்டு விளக்குகளை நான்தான் போடுவேன், விடியற்காலையில் நான்தான் அணைப்பேன். இரவு பதினோரு மணிக்கு ஒருதடவை போய் எந்த பல்பாவது போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு எந்த ரோட்டுக்கும் இந்த வேலை கிடையாது.

அந்தப் பதினோரு மணியை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே சீக்கிரமாகப் போய்ச் சேருவேன். மதிலுக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு, பல்பைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து நிற்பேன். உள்ளே ரேடியோ பாடும். நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை வரும். யாரோ தோற்றுப்போனதற்கு யாரோ கைதட்டிச் சிரிப்பார்கள். புல்தரைக்கு அந்த நேரத்திலும் ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மாதத்தில் ஒருநாள் வீட்டுப் பெண்களும் வருவார்கள். கொண்டை நிறைய மல்லிகை வைத்து, தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லாமல், காரிலிருந்து இறங்குவார்கள். ஒரு மணிக்கு அவர்களும் விழித்திருந்தார்கள், என் மனைவியும் விழித்திருந்தாள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சைக் கரிக்கும்.

இரவு என்பது அவர்களுக்குக் காற்று வாங்குகிற நேரம். எங்களில் ஒருவன் நடந்தால் போலீஸ்காரர் டார்ச் அடித்து, "எங்கலே போற?" என்பார். வேடசந்தூர் ரோட்டில் சைக்கிளில் வருகிற மில்காரர்கள் பதில் சொல்லியே வீடு போய்ச் சேர வேண்டும். காக்கிச் சட்டையும் ஏணியுமாகப் போகிற என்னையே இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார்கள். நானும் பயந்த சுபாவம். சும்மா நிறுத்தினாலே திருடியவன் மாதிரி வேர்த்துவிடும். பெட்டியைப் பூட்டினேனா இல்லையா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மூன்று தடவை பார்த்தால்தான் படுத்தால் தூக்கம் வரும்.

கிளப்பிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவர்களில் ஒருவர் எங்கள் வார்டு கவுன்சிலர். நானும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கணக்குப் பரீட்சையில் என் ஸ்லேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று காலில் புண் வைத்துப் படுத்தார். நான் எட்டாவதோடு நின்றேன். அவர் மதுரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். வந்து வக்கீல் ஆனார், எலக்‌ஷனில் நின்றார். எங்கள் தெரு முழுக்க அவருக்குத்தான் ஓட்டுப் போட்டது. நானும் போட்டேன். குழாயடிக்குக் கரண்ட் விளக்குப் போட்டுத் தருவேன் என்று அந்தக் கல் பாலத்தின் மேல் நின்றுதான் பேசினார்.

அவரை "நீ" என்று சொல்ல நாக்கு வராது. "நீங்க" என்று சொல்ல மனசு வராது. எப்படியாவது இரண்டும் இல்லாமல் பேசி முடித்துவிடுவேன். அவருக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. நாலு பேர் நடுவில், "என்னடா, லைட்டு எல்லாம் எரியுதா?" என்பார். தோளில் தட்டுவார். தட்டிய இடம் வீடு போய்ச் சேரும்வரை எரியும்.

ஒரு புரட்டாசியில் என் மனைவி கல் பாலத்திலிருந்து குடத்தோடு சாக்கடையில் விழுந்தாள். விளக்கில் எண்ணெய் தீர்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரின் மனைவி, சத்தம் கேட்டு அரிக்கேனோடு ஓடிவந்து தூக்கினார். "யா அல்லா, கை தொங்குது பாரு. ஏப்பா, லைட்டுக்காரன் பொண்டாட்டிக்கே ஊர்ல லைட்டு இல்லையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வைதாரா, வருத்தப்பட்டாரா தெரியவில்லை. மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டும் கை கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. கட்டு அவிழ்க்கும்வரை அந்த அக்காதான் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தார்.

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் மறுபடியும் அந்தப் பாலத்தில் ஏறுவதற்குள் அங்கே ஒரு விளக்கு வர வேண்டும். தப்பும் தவறுமாக ஒரு மனு எழுதினேன். தெருப் பெண்கள் எல்லாரும் பெருவிரல் வைத்தார்கள். கவுன்சிலர் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்று கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பாத்துக்குவம்டா, விடு" என்றார்.

ஊருக்குப் புதிதாக நாலு கம்பங்கள் வந்திருந்தன. அவற்றை எங்கே நடுவது என்று பேசிய கூட்டத்தன்று, ஹாலில் பல்பு மாற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாற்றி முடித்தும் இறங்காமல் ஏணியிலேயே நின்று கேட்டேன்.

"வெளியூர் ஆபீசருக எல்லாம் வாராக. கிளப் ரோடு மங்கலா இருந்தா நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாக?" என்றார் ஒரு மெம்பர்.

"குழாயடிக்கு ஒரு மனு வந்திருக்குதே?" என்று யாரோ ஞாபகப்படுத்தினார்.

"குழாயடிக்கு லைட்டு எதுக்குய்யா? வெளிச்சமிருந்தா பொம்பளைக உக்காந்து கத பேசுவாளுக. சண்ட வரும். குடத்துக்குக் கண்ணு வேணுமாக்கும்?" என்றார் முதலில் பேசிய மெம்பர்.

எல்லாரும் சிரித்தார்கள். நாலு கம்பமும் கிளப் ரோட்டுக்கே என்று கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் கவுன்சிலரும் தூக்கினார். வாத்தியார் விடை கேட்டபோது ஒருநாளும் தூக்காத கை. மேலே நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அதுகூடச் செய்யவில்லை. "ஏணி ஆடுது, பாத்து எறங்குடா" என்றார்.

மூன்று கம்பங்களை நட்டார்கள். நாலாவதுக்குத் தோண்டிய குழியில் பாறை தட்டியது. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மலை உள்ளே கால் நீட்டிப் படுத்திருக்கும். கம்பம் ரோட்டோரமாகக் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்கு முன்னும் பின்னுமாக ஏழெட்டு நாள் தெருவிளக்குப் போடக்கூடாது. நிலா இருக்கும்போது கரண்ட் எதற்கு என்று சிக்கனம். ஓவர்சியர் மாதம் பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, விளக்கு இல்லாத நாட்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். மழை மேகம் மூடியிருந்தாலும் அதை மாற்ற முடியாது. சுவரில் நிலா இருந்தால் ஊரில் நிலா இருப்பதாக அர்த்தம். கிளப் ரோட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அப்படி எங்கேயும் எழுதவில்லை. "அத மட்டும் போட்டுட்டுப் போயிரு" என்று ஓவர்சியர் வாயால் சொன்னதுதான்.

ஐப்பசியில் பௌர்ணமிக்கு முந்தின நாள். மதியத்திலிருந்து வானம் கறுத்துக் கிடந்தது, ஒரு சொட்டு விழவில்லை. என் மனைவி அன்றுதான் கட்டு அவிழ்த்தபிறகு முதன்முதலாகக் குடம் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆபீஸ் சுவரில் இருந்த தாளை நாலு தடவை படித்தேன். 'விளக்கு இல்லை' என்று மட்டும் இருந்தது. கிளப் ரோடு என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் எந்தப் பெட்டியையும் திறக்காமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சாவிக்கொத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், அரிசிக்கு என்ன செய்வது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. ஆனால் அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அவர்களும் தடவித் தடவி நடக்கட்டும்.

இருட்டிச் செத்த நேரம்கூட ஆகவில்லை. ஓவர்சியரே சைக்கிளில் வந்துவிட்டார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏய்யா, செத்தா போயிட்ட? சாவியக் குடுய்யா!"

"தாள்ல இல்லைனு போட்டிருக்கு சார்."

"தாள்ல போட்டிருக்கா? ஒன்னோட வேலைய நாளைக்குத் தாள்ல போட்டுக் கிழிக்கிறேன். ஏறு சைக்கிள்ல."

கிளப் வாசலில் கார் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் ரோட்டில் நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் விழவில்லை. ஆனாலும் என்னவோ வீடு பற்றி எரிந்த மாதிரி சத்தம். நான் பெட்டியைத் திறக்கப் போனேன். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. விளக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே சீட்டில் ஜெயித்தவருக்குத் தட்டுவதுபோல.

"இவன சஸ்பெண்டு பண்ணணும் சார்" என்றார் ஓவர்சியர்.

எங்கள் கவுன்சிலர் முன்னால் வந்தார். மல் ஜிப்பா, கையில் வாட்ச். என் தோளில் கையைப் போட்டார். "விடுங்க ஓவர்சியர். எட்டாங்கிளாஸ்காரன், பாவம். தாளப் படிச்சுத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான். வேணும்னா பண்ணுவான்? நம்ம பயதான்."

கூட நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். படிப்பில்லாதவன் என்று ஆனதும் என்மேல் இருந்த கோபம் எல்லாருக்கும் இறங்கிவிட்டது. நான் அந்தத் தாளைச் சரியாகத்தான் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும். என் ஸ்லேட்டைப் பார்த்து எழுதியவர் என்னைப் படிக்கத் தெரியாதவனாக்கி என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெருந்தன்மைகூட அவருக்குத்தான் கிடைத்தது.

"என்னடா, எதும் கொறையா? வேணுங்கிறதச் சொல்லு" என்றார்.

சுற்றிலும் எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். கையெட்டும் தூரத்தில் அந்த நாலாவது கம்பம் கிடந்தது.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றேன்.

முதல் தடவையாக அவரைச் சார் என்று கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கோணல் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அவரே கேட்டாருங்களா? வேணுங்கிறதச் சொல்லுன்னு வாயத் தொறந்து கேட்டாருங்களா?"

"கேட்டாரு."

"நீங்க ஒண்ணும் வேண்டாம்னுட்டீங்களா?"

"பயமா இருந்துச்சு புள்ள."

"உங்களுக்கு வேண்டாமுங்க. எனக்கு வேணுமில்ல?" என்றாள். அன்றைக்கும் இருட்டில்தான் தண்ணீர் எடுத்தாள். நான் அரிக்கேன் பிடித்தேன். காற்று வந்து அதுவும் அணைந்தது.

மறுநாள் இரவு ஒன்பது மணிக்கே அவளும் பக்கத்து வீட்டு அக்காவும் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் காலிக் குடங்களோடு கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டதற்கு, "வெளிச்சமிருக்கிற எடத்துல போயி உக்காரப் போறமுங்க" என்றாள். நான் கும்பிடாத குறையாகத் தடுத்தேன். "வேல போயிரும் புள்ள" என்றேன். "வேல உங்களுதுங்க. குடம் என்னுதுங்க" என்றாள். பதினோரு மணி ரவுண்டுக்கு நான் போனபோது, கிளப் வாசலுக்கு எதிரே, புது விளக்கின் அடியில், குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சீட்டு, வெளியே தாயம். வாச்மேன் என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தூரத்திலேயே ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கவுன்சிலர் வெளியூர் ஆபீசர் ஒருவரோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர், நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? இந்நேரத்துல?"

என் மனைவி எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒண்ணுமில்லைங்க. எங்க கொழாயில தண்ணி வர ஒரு மணி ஆகுமுங்க. அங்க இருட்டுங்க. இங்கதானுங்க வெளிச்சமா இருக்குது. தண்ணி வர்ற வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போயர்றமுங்க. தெனமும் வருவமுங்க. உங்க சீட்டுக்குத் தொந்தரவு பண்ண மாட்டமுங்க."

"அல்லா சத்தியமா சத்தம் போட மாட்டோம் தம்பி" என்றார் அக்கா. "ஓட்டுப் போடையில மட்டும் போட்டோமா சத்தம்?"

வெளியூர் ஆபீசர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததுதான் பெரிய உதவியாகப் போயிற்று. கவுன்சிலர் என் மனைவியின் கையைப் பார்த்தார். "கை என்னம்மா ஆச்சு?"

"உங்க பாலத்துல விழுந்தனுங்க. நீங்க நின்னு பேசினீங்களே, அந்தப் பாலமுங்க."

அந்த வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரு மாதமாக நான் மனசுக்குள் எழுதி எழுதி அழித்ததை அவள் நின்ற நிலையில் சொல்லிவிட்டாள். அன்று எனக்குக் கவுன்சிலர்மேல் இருந்ததைவிட அவள்மேல் பொறாமை அதிகமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலு நாள் தொடர்ந்து போனார்கள். ஐந்தாம் நாள் அந்த நாலாவது கம்பத்தை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். குழாயடி மண் ஈரமாக இருந்ததால் குழி சுலபமாக விழுந்தது. பெரிய ரோட்டிலிருந்து கம்பியும் இழுத்தார்கள்.

விளக்குப் போடுகிற அன்று பூமாலை, மேளம், எல்லாம். கவுன்சிலர்தான் சுவிட்சைப் போட்டார். ஊரில் அத்தனை சுவிட்சையும் போடுகிறவன் நான். அதை மட்டும் அவர் போட்டார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்ததும் தெருவே, "நம்ம கவுன்சிலர் கொண்டாந்த லைட்டுய்யா" என்றது. என் மனைவிகூட அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த எலக்‌ஷனிலும் அவர்தான் ஜெயித்தார்.

அந்த விளக்கும் சுவர்த் தாளில் சேர்ந்துதான் இருந்தது. நிலா நாட்களில் போடக்கூடாது. முதல் பௌர்ணமி வந்தது. நான் தாளை வழக்கம்போல நாலு தடவை படித்தேன். குழாயடிப் பெட்டிக்கு வந்தேன். மேகம் கூட இல்லை, நல்ல நிலா. போடாமல் போனால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. போட்டால் வேலைக்கு ஆபத்து. போட்டுவிட்டு ஓடி வந்து படுத்துக்கொண்டேன். விடியும்வரை ஓவர்சியர் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன். வந்தது குழாயில் காற்றுச் சத்தம்தான். அவள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதமும் போட்டேன். அறுபதுகளில் அந்த நிலாத் தாளை அவர்களே கிழித்துப் போடுகிறவரை எல்லா நிலா நாளும் போட்டேன், எல்லா நிலா நாளும் தூங்காமல் பயந்தேன். யாரும் கேட்கவில்லை. கிளப் ரோடு செத்த நேரம் இருண்டதற்கு ஓவர்சியர் தெருவுக்கே வந்தார். எங்கள் மூலையில் வருஷக்கணக்காக ரூலுக்கு விரோதமாக ஒரு விளக்கு எரிந்தது, அதைப் பார்க்க ஒரு நாதி வரவில்லை. வேலை தப்பியது என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதுவும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.